லிபோரியோவின் வயிற்றில் அழுத குழந்தை

எங்கள் ஊர் சான் செர்வாந்தோவில் ஒரு பீங்கான் குழந்தை, மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும், லிபோரியோ கவாசோஸின் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளிலிருந்து பிப்ரவரி மெழுகுவர்த்தித் திருநாள் வரை அழுதது. அந்த அழுகையைக் கேட்டு ஆற்றுக்கு இந்தப் பக்கம் டெக்சாஸ் பசுக்களும் அந்தப் பக்கம் மெக்சிகோ பசுக்களும் ஒரே நேரத்தில் பால் சுரந்தன. பாலத்தில் நிற்கிற அதிகாரிகள் ஆளை நிறுத்துவார்கள், மாம்பழத்தை நிறுத்துவார்கள். அழுகையை நிறுத்த அவர்களுக்குச் சட்டம் இல்லை. அந்த ஜனவரியில் பாலை ஊற்றி வைக்கப் பாத்திரம் போதாமல் குளிக்கிற தொட்டிகளில் ஊற்றி வைத்தோம். பூனைகள் நாய் அளவுக்கு வளர்ந்தன. நாய்கள் அவற்றுக்கு வழிவிட்டு நடந்தன. ஊரில் இதை நம்பாத ஒரே ஆள் லிபோரியோதான். வயிறு அவருடையது.

பெரும்புயல் அடித்த அடுத்த வருடம் அது. புயலையும் அவர் நம்பியதில்லை. கூரை பறந்துபோன பிறகும், “காத்தோட்டம் நல்லாத்தான் இருக்கு” என்றார். பழைய டயர் கடை வைத்திருந்தார். அவருடைய தங்கை ரமோனாவும் அவள் புருஷன் நசாரியோ சமரிப்பாவும் நடத்திய ரொட்டிக்கடை ஊர்ச் சதுக்கத்தின் மூலையில் இருந்தது. அந்தக் கடையின் பின்கட்டில் மாவு பிசையும்போது யாரும் பேசக் கூடாது. மாவு மூட்டைத் துணியைக் கிழித்து, வாயை மூடி இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். சுகாதார அதிகாரி வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான கடையை மாவட்டத்திலேயே கண்டதில்லை என்று மெச்சினார். பிறகு அங்கே வாங்கிய, மேலே சர்க்கரை ஓடு போட்ட பன்னைத் தலைக்கு வைத்துப் படுத்தவர் மறுநாள்தான் எழுந்தார். அவ்வளவு மெத்து. ரமோனாவின் மகள் ஒதிலியாவுக்கு ஒன்பது வயது. துணி எதற்கு என்று அவள் கேட்கும் போதெல்லாம், “எச்சி தெறிக்கும்” என்று மட்டும் பதில் வரும். ஆனால் அம்மாவின் கண், துணிக்கு மேலே, எச்சிலுக்குப் பயப்படுகிற கண்ணாக இருக்கவில்லை.

ராஜாக்கள் திருநாளுக்குச் சுடுகிற வளைய ரொட்டி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பீங்கான் குழந்தை ஏசு ஒளிந்திருக்கும். யாருடைய துண்டில் வருகிறதோ அவர்தான் அதற்கு ஞானத்தகப்பன். பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுவர்த்தித் திருநாளன்று, அதற்குச் சட்டை போட்டுக் கோயிலுக்கு எடுத்துப்போய் ஆசீர்வாதம் வாங்க வேண்டும்; கூட உட்கார்ந்து ரொட்டி தின்ற அத்தனை பேருக்கும் மாவுக்குள் கறி வைத்துத் தோகையில் கட்டிய தமால் அவித்துப் போட வேண்டும். தமால் என்றால் சும்மா இல்லை. ஒரு பன்றி, ஒரு மூட்டை சோளமாவு, மலைபோல் சோளத்தோகை, அப்புறம் வீட்டிலிருக்கிற எல்லாப் பெண்களுக்கும் இடுப்புவலி. ஆகவே பல்லில் கடிபட்டதும் குழந்தையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைப்பவர்கள் எங்கள் ஊரில் உண்டு. பக்கத்தில் இருப்பவர் தட்டில் தள்ளிவிடுபவர்கள் உண்டு. விழுங்கிவிடுபவர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், எல்லாரும் நல்ல குடும்பம்.

அந்த வருடம் குழந்தைகளை மாவுக்குள் வைக்கிற வேலையை, விரல் சின்னதாக இருக்கிறதென்று, ஒதிலியாவிடம் கொடுத்தார்கள். திருநாளுக்கு முந்தின மதியம். அப்பா அடுப்புக்கு விறகு எடுக்கப் போயிருந்தார். அம்மா கடையில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு வாய் சிவப்பாகத் திறந்திருந்தது. கடைசி வளையத்துக்கான குழந்தையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவளுக்கு, இவ்வளவு சின்னதை இவ்வளவு பெரிய நெருப்புக்குள் அனுப்புகிறோமே என்று இருந்தது. துணியைக் கீழே இறக்கினாள். “பயப்படாத. உன்ன எடுக்கிறவங்கள விட்றாத. கைவிட்டாங்கன்னா நல்லா அழு. மெழுகுவர்த்தித் திருநாளன்னிக்கு ஃபாதர் ஆசீர்வாதம் கொடுக்க வர்ற வரைக்கும் யாரும் உன்ன ஏத்துக்கலேன்னா, நீயே கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துரு” என்று சொல்லி மாவுக்குள் அழுத்தினாள். அவள் நினைத்தது ரொட்டியை. யாரும் எடுக்காமல் உள்ளேயே கிடந்தால் ரொட்டியைக் கிழித்துக்கொண்டு வரச் சொன்னாள், அவ்வளவுதான். விரலை எடுக்கப் போனாள், வரவில்லை. மாவு பிடித்துக்கொண்டிருந்தது. தூங்கி எழுந்த கைக்குழந்தை அம்மாவின் விரலைப் பிடிப்பது மாதிரி, சூடாக, நிதானமாக. பிறகு ஒரு மூச்சு விட்டது. மேலே பதித்திருந்த ஆரஞ்சுத் தோல்கள் எல்லாம் ஒருமுறை எழுந்து இறங்கின. அதன் பிறகுதான் விரலை விட்டது. ஒதிலியா துணியை மூக்கு வரை ஏற்றி, கண்ணை மட்டும் விட்டுக் கட்டிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கடையில் நீள மேசை போட்டுச் சொந்தக்காரர்களும் பாதித் தெருவும் உட்கார்ந்தோம். வளையத்தை அவரவரே கத்தியால் வெட்டிக்கொண்டோம். லிபோரியோ தன் துண்டைக் கடித்தார், மெல்லுவதை நிறுத்தினார், மேசையைச் சுற்றி எத்தனை வாய் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தார், பிறகு சுடச்சுடச் சாக்லேட்டை மடமடவென்று குடித்தார். அவர் தொண்டைக்குழி ஏறி இறங்கியதை ஒதிலியா மட்டும் பார்த்தாள். வளையம் தீர்ந்தது, குழந்தை வரவில்லை. குழந்தை வைக்க மறந்துவிட்டாயா என்று நசாரியோ மகளைப் பார்த்த நேரத்தில்தான் அந்தச் சத்தம் வந்தது. முதலில் விக்கல் மாதிரி, பிறகு முனகல், பிறகு சந்தேகத்துக்கே இடமில்லாத வீறிடல்.

“இங்க பாரு கிழவா, உன் வயிறு அழுவுது” என்றாள் அவர் மனைவி மினெர்வா.

“அழுவல, இரையுது. வாயு.”

“பசிக்கு அழுவுற அழுகை அது. ஏழு பெத்தவளுக்குத் தெரியாதா?”

“உன் நாத்தனார் சாக்லேட்டுல தண்ணிய ஊத்தியிருக்கா. அதான் வாயு.”

எல்லாரும் சிரித்தோம். ஒதிலியா சிரிக்கவில்லை. மேசைக்கடியில் அவள் முழங்கால் நடுங்கிய நடுக்கத்தில் கோப்பைகள் தட்டில் கடகடத்தன. புயல் திரும்ப வருகிறதென்று யாரோ எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்கள்.

சிரிப்பு ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. டயர் கடைப்பக்கம் போன தாய்மார்களுக்கெல்லாம் ரவிக்கை நனைந்தது. பிறகு பேரன் எடுத்தவர்களுக்கும் நனைந்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு ஒரு நிழல் திரும்பி அவரைப் பார்த்தது. அவர் வாயு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே கடையைக் கட்டிக்கொண்டு டாலஸுக்குப் போனார். குழந்தை வளர்ந்துகொண்டிருந்தது. லிபோரியோவின் வயிறு முன்னால் போக அவர் பின்னால் போனார். முகம் பச்சரிசி மாவு மாதிரி வெளுத்துவிட்டது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குக்கூட அந்த வயிற்றுத் தோலுக்கடியில் சின்ன விரல்கள் எதையோ தேடித் தடவுவது தெரிந்தது.

ஒதிலியா ரொட்டி தின்பதை விட்டுவிட்டாள். ரொட்டிக்கடைக்காரர் மகள் வெறும் பீன்ஸைத் தின்றுகொண்டிருந்தால் எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு மதியம் ரமோனா அவளைச் சந்தில் நிறுத்திக் கேட்டாள். ஒதிலியா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல ரமோனா சுவரோடு சுவராகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நம்ம வம்சத்துப் பொம்பளைங்க சொல்றத மாவு கேட்டுக்கும்டி” என்றாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கமார்கோவில் அவளுடைய அத்தை ஒருத்தி, உன் இஷ்டத்துக்குப் பொங்கு என்று மாவிடம் சலித்துக்கொண்டதில் தெருவே மூழ்கி, அண்டை வீட்டை மண்வெட்டியால் தோண்டி எடுத்தார்கள். இன்னொருத்தி, இந்த மனுஷன் தொலைந்தால் தேவலை என்று முணுமுணுத்துக்கொண்டே பிசைந்தாள். அவள் புருஷன் உப்பு வாங்கப் போனவன் இன்னும் வரவில்லை. அன்றைக்குச் சுட்ட ரொட்டி மட்டும் பிரமாதம் என்று இப்போதும் பேசிக்கொள்கிறார்கள்.

“ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“சொல்லியிருந்தா சும்மா இருந்திருப்பியா? அன்னிக்கே போய்ப் பேசிப் பாத்திருப்ப. நான் அப்படித்தான் பண்ணேன்.” என்ன சொன்னாள், என்ன நடந்தது என்று ரமோனா கடைசி வரை சொல்லவில்லை. அவள் இடது காதில் மடல் இருக்காது, அதை வேண்டுமானால் சொல்கிறேன்.

“வெந்தத மாத்த முடியாது. சொன்னது நடந்தே தீரும். ஒண்ணு, அண்ணன் வாயத் தொறந்து குழந்தை என்னோடதுன்னு ஏத்துக்கணும். இல்லேன்னா...”

“மாமா செத்துருவாரா?”

ரமோனா துணியை எடுத்து வாயில் கட்டிக்கொண்டாள். அங்கே மாவே இல்லை.

ஒதிலியா டயர் கடைக்கு ஓடினாள். லிபோரியோ டயர் அடுக்குக்கு நடுவில், வயிற்றை ஒரு டிராக்டர் டயரில் தாங்கலாக வைத்து உட்கார்ந்திருந்தார்.

“மாமா, நீங்கதான முழுங்கினீங்க?”

“யார் பாத்தா?”

“நான்.”

“பால்பல்லு விழுந்து முடியாதவ சாட்சியெல்லாம் செல்லாது, போ.”

“திருநாளன்னிக்கு அது கிழிச்சுக்கிட்டு வரும் மாமா. நான்தான் சொன்னேன், மாவுகிட்ட. தெரியாம சொல்லிட்டேன். உங்களோடதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

“ஓஹோ. அம்மாவும் பொண்ணும் சேர்ந்து எங்கிட்ட தமால் தின்னப் பாக்குறீங்களா?” என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவர் நிறுத்திய பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து, மெல்லிய குரலில், அவர் மாதிரியே சிரித்து முடித்தது. கடைக்குள் இருந்த டயர்களில் எல்லாம் ஒரே சமயத்தில் காற்று இறங்கியது. “வாயு” என்றார் லிபோரியோ. ஆனால் ஒதிலியா அவர் கையைப் பார்த்தாள். நெம்புகோலைப் பிடித்திருந்த அந்தக் கை, அவள் முழங்கால் நடுங்கிய அதே மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதுவரை இருந்ததைவிடப் பெரிய பயம் அப்போதுதான் வந்தது. மாமா நம்பாமல் இல்லை. நம்பினால் பயப்பட வேண்டுமே என்று பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்.

மெழுகுவர்த்தித் திருநாள் காலையில் அழுகை நின்றது. அதுவரை அது நிற்காதா என்று ஏங்கிய ஊர், நின்றதும் நடுங்கிப்போனது. பசுக்கள் வேலியோரம் வந்து கோயிலைப் பார்த்து நின்றன. நாங்கள் அவரவர் குழந்தை ஏசுவுக்குப் பட்டுச் சட்டை போட்டுக் கூடையில் வைத்துக்கொண்டு கோயில் முற்றத்தில் கூடினோம். லிபோரியோவும் வந்தார்; வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று, கோட்டுப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தார். ஃபாதர் தண்ணீர்ச் செம்போடு கதவைத் திறந்தார். முதல் பொத்தான் தெறித்துக் கோயில் மணியில் பட்டு, மணி அடித்தது. இரண்டாவது பொத்தான் ஆற்றைத் தாண்டிப் போயிற்று. மூன்றாவது தெறித்தபோது சட்டைக்கு மேலேயே தெரிந்தது: ஐந்து விரலும் விரித்து ஒரு உள்ளங்கை, உள்ளிருந்து தள்ளியது. பிறகு நகம். துணி நூல் நூலாகப் பிரிகிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் கூடைகளை அணைத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். நானும்தான். அவரைச் சுற்றி ஒரு வெட்டவெளி உண்டானது.

அந்த வெட்டவெளிக்குள் ஒதிலியா நடந்து போனாள். மூக்கு ஒழுகியது. ரமோனா பிடித்து இழுக்கப் பார்த்தாள், கிடைக்கவில்லை. சொல்வதற்கென்று அவள் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. போய் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, எண்ணெய்க்கறை படிந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு ரொம்ப பயமா இருக்கு மாமா.”

“எனக்கு மட்டும் இல்லையாடி?” என்றார் லிபோரியோ.

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. வாயைத் திறந்தபடி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அவர் குனிந்து, வயிற்றை அந்தச் சின்ன உள்ளங்கை இருந்த இடத்தில் தன் கையால் மூடினார். ஃபாதர் கடைசிப் படிக்கு வந்துவிட்டார். “சரி சரி, கிழிக்காத. நான்தான் உனக்கு ஞானத்தகப்பன். என்னோடதுதான் நீ. மேல்பக்கமா வா” என்றார். கொட்டாவி மாதிரி ஒன்று அவருக்கு வந்தது. அவ்வளவு நீளமான கொட்டாவியை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை; முற்றத்து மெழுகுவர்த்திகள் எல்லாம் அவர் பக்கமாகச் சாய்ந்தன. வாய் மூடியபோது, குழந்தை அவர் உள்ளங்கையில் இருந்தது. வளர்ந்ததெல்லாம் உள்ளேயே விட்டுவிட்டு, மொச்சைக்கொட்டை அளவாகத்தான் வந்திருந்தது. ஈரமாக, வெள்ளைவெளேரென்று. மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஃபாதர் அதன் தலையில் ஒரு துளித் தண்ணீர் தெளித்தார். அதற்கு அதுவே குளியல்.

மினெர்வாவுக்குத் தன் கிழவனைத் தெரியும். ராஜாக்கள் திருநாளன்றே சோளத்தோகையை ஊறப்போட்டுவிட்டாள். கோயில் பின்புறம் அண்டா அண்டாவாகத் தமால் ஆவி பறந்தது. ஒதிலியா முதல் தமாலை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றாள். மாமாவின் கையை விட வேண்டியிருந்ததால் அவர் கோட்டு நுனியை முழங்காலால் மிதித்துக்கொண்டு தின்றாள். லிபோரியோ எதையும் தொடவில்லை. ஒரு கையைக் குழித்து, இன்னொரு கையால் வெயில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மினெர்வா அவருக்கு முன்னால் வந்து, இடுப்பில் கைவைத்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிற மாதிரி கேட்டாள்.

“என்ன கிழவா, வாயுவா?”

“வாயு இல்லடி. முழுங்கினேன், அழுதுச்சு, நானும் கேட்டேன், எல்லாம் நெசம்” என்றார் லிபோரியோ, தலையை நிமிர்த்தாமல். “இப்பத்தான் தூங்குது. கத்தாத.”