இரண்டு பேருக்குத் தெரிந்த கப்பல்

கத்தி வழுக்கியது. நிருஷன் எட்டிப் பிடிப்பதற்குள் அது மெல்லச் சுழன்று, மினுங்கி, மூழ்கிய கப்பலின் வயிற்றுக்குள் இறங்கிப் போய்விட்டது.

இனி வெறும் கைதான். கண்ணுக்கே தெரியாத தங்கூசி நைலோன் வலை, முதுகுச் சிலிண்டரை ஒரு பக்கமும் இடது காலை மறுபக்கமும் பிடித்திருந்தது. அசைந்தால் இறுகியது. காற்றுமானி நாற்பதைக் காட்டியது. பன்னிரண்டு மீற்றர் ஆழத்தில் இழுபறிப்பட்டுக் களைத்த நெஞ்சுக்கு அது பத்து நிமிடமும் காணாது.

இடுப்புக் கயிற்றை மூன்று தரம் சுண்டினான். மூன்று என்றால் 'இழு'. மறுமுனை மேலே படகில், மனைவி நிரோஜினியின் கையில். பதில் இல்லை. கயிற்றையும் வலை விழுங்கியிருந்தது.

விசித்திரம், பயம் வரவில்லை. காலை வெயில் தண்ணீருக்குள் நீளநீளமான நூல்களாகத் தொங்கியது. கப்பலின் விலா இரும்புகளில் மஞ்சளும் ஊதாவுமாகப் பவளம் பூத்துக் கிடந்தது. மஞ்சள் வரி மீன்கள் கூட்டமாக வந்து அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, தெரியாத ஆள் என்பதுபோல விலகின. வலைக்கு வெளியே கப்பல் கலியாண வீடு. வலை மூடிய பாதி செத்தவீடு. பவளம் சுண்ணாம்பாக வெளுத்து நின்றது. அதைக் காப்பாற்றத்தான், துண்டு துண்டாக வலையை வெட்டியெடுக்க, அவன் தனியே இறங்கிக்கொண்டிருந்தான்.

தனியே இறங்கக் கூடாது. அதற்கும் ஒரு கதை இருந்தது.

வல்வெட்டித்துறைக்கு நேர் வடக்கே மூன்று மைலில் கிடக்கும் இந்தக் கப்பலை, ஏழு வருடத்துக்கு முன் கடலட்டை பிடிக்க இறங்கியபோது நிருஷனும் அவன் கூட்டாளி பிரகாசும் கண்டார்கள். இடத்தை எந்தக் கருவியிலும் பதியவில்லை. கரையில் எது எதற்கு நேராகத் தெரிகிறது என்று பார்த்தே வருவார்கள். வேறு படகு கண்ணில் பட்டால் ஒரு மைல் தள்ளிப் போய், வெறும் தண்ணீரில் தூண்டிலைப் போட்டுவிட்டுக் கொட்டாவி விடுவார்கள். அப்படிக் காத்த இடத்துக்கு மாசி மாதம் எவரோ நேராக வந்து, கப்பலைச் சுற்றி வலை வளைத்து மீனை அள்ளி, சிக்கிய வலையை அறுத்துவிட்டுப் போனார்கள்.

தெரிந்தது இரண்டு பேருக்கு. ஒருவன் நிருஷன். அப்படியென்றால் மற்றவன்தானே?

மீனவர் சங்க மண்டபத்தில் பத்துப் பேர் பார்க்க நிருஷன் கேட்டான்: "எவ்வளவுக்கு வித்தனீ?"

பிரகாஸ் எழும்பிப் போனான். இரண்டு மாதமாகக் கதை பேச்சில்லை.

மூச்சு இழுக்கக் கடினமாயிற்று. வெயில் நூல்களுக்கு ஊடாக ஒரு நிழல் இறங்கியது. பெரிய களவாய் மீன் என்று நினைத்தான். மீனுக்குக் கையிருந்தது. கையில் கத்தியிருந்தது. முகமூடிக் கண்ணாடிக்குள் பிரகாசின் கண்கள்.

கனவில் வருகிறவர்களை ஏன் வந்தாய் என்று எவரும் கேட்பதில்லை. நிருஷனும் கேட்கவில்லை. பிரகாஸ் தன் இரண்டாவது மூச்சுக்குழாயை அவன் வாயில் திணித்தான். கயிறு, சிலிண்டர், கால் என்று அவசரமில்லாமல், பூ ஆய்வதைப் போல இழை இழையாக அறுத்தான்.

மேலேறும்போது ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும் என்பது விதி. கதையாத இருவரும் ஒருவன் தோள்பட்டியை ஒருவன் பிடித்தபடி, ஒரே சிலிண்டரில் மூச்சு வாங்கி, நீல வெளியில் முகத்துக்கு முகம் மிதந்தார்கள். இருவர் விட்ட குமிழிகளும் ஒன்றாகச் சேர்ந்து மேலே போயின. அந்த மூன்று நிமிடம் முடியாமல் இருந்தால் நல்லது என்று நிருஷனுக்கு ஏனோ தோன்றியது.

முடிந்தது.

படகில் ஏறி இருமி ஓய்ந்ததும் அவனுடைய முதல் கேள்வி மனைவியிடம்தான். "உவன் எப்பிடி இந்தப் பக்கம் நிண்டவன்?"

"கயிறு செத்த மாதிரிக் கிடந்துது. துவாயை ஆட்டிக் கூப்பிட்டன், வந்திட்டார்," என்றாள் நிரோஜினி. "நீங்கள் தனிய இறங்கின நாள் தொடக்கம் நீங்கள் தண்ணிக்குள்ளை போனாப் பிறகு வந்து, உதிலைதான் சிலிண்டரோடை நிக்கிறார். ஒரு மீன் பிடிச்சதை நான் காணேல்லை."

"இண்டைக்குப் பிடிச்சனான், தங்கச்சி," என்றான் பிரகாஸ், பக்கத்தில் கட்டிய தன் படகில் இருந்து. "எழுபது கிலோ. வித்தால் ஒருத்தரும் வாங்காயினம்."

நிருஷன் சிரிக்கவில்லை. "செய்ததுக்கு மனம் குத்துதாக்கும்."

பிரகாஸ் படகுக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

"அவிழ்க்காதேங்கோ, அண்ணை. போன கிழமை நீங்கள் சொன்னதை இண்டைக்கு நான் சொல்லப் போறன்."

"வேண்டாம், தங்கச்சி. விடும்."

அவள் விடவில்லை. கைத்தொலைபேசியை எடுத்து நிருஷனின் ஈரக் கையில் வைத்தாள். அவன் தை மாதம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்ட வீடியோ. அப்பா தியாகராசா, நோய் முற்றிய பிறகு, கடைசியாக ஒருக்கால் கடலுக்குப் போகவேண்டும் என்று கேட்டு, இதே இடத்துக்கு வந்த நாள். தேத்தண்ணி உடுப்பில் ஊற்றுண்டதற்குப் பொக்கை வாயால் குலுங்கிச் சிரிக்கிறார். இரண்டு கிழமையில் போய்விட்டார்.

"இதுக்கென்ன?"

"மாமாவைப் பாக்காதேங்கோ. அவருக்குப் பின்னாலை பாருங்கோ."

அப்பாவின் காதோரம் அம்மன் கோயில் கோபுரம், தொலைபேசிக் கம்பத்தை முட்டினாற்போல நின்றது. படம் மெல்லத் திரும்பியது. மேற்கே தண்ணீர்த் தாங்கி, இரட்டைப் பனைக்கு நட்டநடுவில். வேற்றூரானுக்கு அது வெறும் கரை. இந்தக் கடலில் தொழில் செய்கிறவனுக்கு அது இந்தக் கப்பலின் முழு விலாசம். நேராக வந்து நங்கூரம் போடலாம்.

நிருஷன் நிமிரவில்லை.

"வலையைக் கண்ட அண்டைக்கே இது பிரகாஸ் அண்ணைக்குத் தெரியும்," என்றாள் நிரோஜினி. "சொன்னால் நீங்கள் ஆத்திரத்திலை இதை அழிச்சுப் போடுவியள், மாமா சிரிக்கிற படம் வேறை ஒண்டும் எங்களிட்டை இல்லை எண்டுதான் பழியைத் தான் சுமந்தவர்."