வார்டுக்கு வேண்டியவள்

நான் ஏமாந்த சோணகிரி. வேறு யாரும் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

லீனாவும் நானும் ஒரே காலேஜில் பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்கள். அவள் வீடு ஜோகுபாளையம், என் வீடு நீலசந்திரா. வைட்ஃபீல்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஐசியூவில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். என் மகனின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நின்றவளும் அவள்தான். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், துரோகம் செய்ய வழியில் போகிறவர்களால் முடியாது. கூட இருப்பவர்களால்தான் முடியும்.

எங்கள் ஆஸ்பத்திரி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஐசியூவிலிருந்து ஒரு நர்ஸை எம்.எஸ்சி. படிக்க அனுப்பும். ஃபீஸ் அவர்களுடையது, மாதச் சம்பளமும் நிற்காது. பி.எஸ்சி. மார்க், நர்சிங் கவுன்சில் பதிவு, படிப்பு முடிந்து ஒரு வருஷமாவது வார்டில் வேலை பார்த்த அனுபவம், இவை காலேஜ் கேட்பவை. அதெல்லாம் என்னிடம் எப்போதோ இருந்தன. ஆஸ்பத்திரி தன் பங்குக்கு இரண்டு கேட்கும். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. வார்டு இன்சார்ஜ் நம் பெயரைச் சொல்ல வேண்டும்.

எனக்கு வகுப்பில் நின்று பாடம் நடத்த ஆசை. எம்.எஸ்சி. இல்லாமல் அது நடக்காது. வேலையை விட்டுவிட்டு நானே படிக்கலாம் என்றால், வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

போன தடவை எங்கள் இருவரில் யார் போகிறீர்கள் என்று மேட்ரன் பிரிஜெட் மேடம் கேட்டார். லீனா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கல்யாணமாகிவிட்டால் மாமியார் வீட்டில் படிக்க விடமாட்டார்கள், முதலில் நான் போகிறேன், திரும்பி வந்து உன்னை நானே அனுப்பிவைக்கிறேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தாள். நானும் போய், வீட்டில் கஷ்டம், இந்த வருஷம் என்னால் முடியாது என்று மேடத்திடம் சொல்லிவிட்டு வந்தேன். கஷ்டமாவது ஒன்றாவது!

லீனா எம்.எஸ்சி. முடித்துத் திரும்பினாள். ஐசியூவுக்கே இன்சார்ஜ் ஆனாள். எனக்கு இப்போது முப்பத்தைந்து நடக்கிறது. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை லாவண்யா வார்டில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்துக்கொண்டிருந்தாள். சேர்ந்து ஒரு வருஷம் இப்போதுதான் முடிந்திருக்கிறது. நல்ல பெண், ஆனால் மானிட்டர் சத்தம் போட்டால் செய்ய வேண்டியது மறந்துபோகும். என்ன விசேஷம் என்று கேட்டேன். “எம்.எஸ்சி.க்கு லீனா சிஸ்டர் என் பேரக் குடுத்திருக்காங்க” என்றாள். ஸ்வீட்டை வாயில் வைத்துவிட்டேன். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

உடை மாற்றும் அறையில் லீனாவைப் பிடித்தேன். அவளுக்குக் கண்ணில் ஒரு சொட்டு வெட்கமில்லை.

“நீ போயிட்டா ஐசியூவ யாருடி பாத்துப்பா? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா டாக்டருங்க என் தலையத்தான் உருட்டுவாங்க. லாவண்யா போனா வார்டுக்கு ஒண்ணும் ஆகாது.”

“மேடம்கிட்ட என்ன சொன்னே?”

“வீட்ல கஷ்டம், இந்தத் தடவையும் உன்னால முடியாதுன்னு சொன்னேன். போன தடவ நீ சொன்னதுதானே?”

ஞானத்தாயாம், ஞானத்தாய்! ஏறின ஏணியை எட்டி உதைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் ஏணியை வார்டிலேயே கட்டிப்போட்டுவிட்டாள். உன் முகத்தில் இனி முழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இனிமேல் எனக்குக் கொடுத்த இரண்டு பெட்களைத் தவிர எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை, எவள் கூப்பிட்டாலும் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த முடிவு மத்தியானம் வரைக்கும் தாங்கியது. மேடம் ரவுண்ட்ஸ் வந்து லீனாவோடு பேசிக்கொண்டிருந்தார். லாவண்யா பார்த்துக்கொண்டிருந்த நான்காம் பெட்டில் அலாரம் அடித்தது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கும் மனிதர் அவர். முகம் நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. லாவண்யா பக்கத்தில் சிலையாக நின்றாள். “சிஸ்டர், பேகா பன்னி” என்று, சீக்கிரம் வரச் சொல்லிக் கன்னடத்தில் ஆயா கத்தினாள். யாரைக் கூப்பிட்டாள் என்றுகூட நான் யோசிக்கவில்லை. ஓடினேன். வென்டிலேட்டரைக் கழற்றி, கழுத்துக் குழாயின் உள் குழாயை உருவினேன். சளி இறுகி அடைத்திருந்தது. புதியதை மாட்டி, பையை அழுத்திக் காற்றுக் கொடுத்தேன். மனிதரின் உதடு மெல்லச் சிவந்தது. டாக்டர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மேடம் என் தோளைத் தட்டினார். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தோன்றியது. கேட்டேவிட்டேன்.

“எனக்கு வீட்ல எந்தக் கஷ்டமும் இல்ல மேடம். இந்தத் தடவ நான் யார்கிட்டயும் அப்படிச் சொல்லல. எனக்குப் படிக்கப் போகணும்.”

மேடம் லீனாவைத் திரும்பிப் பார்த்தார். லீனா தலையைக் குனிந்துகொண்டாள். கர்த்தர் கண்ணைத் திறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

“லீனா பொய் சொன்னது தப்புதான்” என்றார் மேடம். “ஆனா இப்ப என் கண்ணால பாத்ததுக்கப்புறம் உன்ன நான் எப்படிம்மா அனுப்புவேன்?”

அதை அவர் பாசமாகச் சொன்னார். அதுதான் கொடுமை.

“அப்ப எனக்கு வேலை தெரியாம இருந்திருக்கணும் மேடம்” என்றேன்.

நான்காம் பெட்டில் மறுபடியும் சளி கரகரத்தது. லாவண்யா என்னைப் பார்த்தாள். லீனா என்னைப் பார்த்தாள். மேடமும் என்னைத்தான் பார்த்தார். சனியன் பிடித்த என் கால்கள் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தன.