மச்சானின் வாய்ஸ்

இறந்துபோன மாமியாரின் மையத்தை அவசர அவசரமாக அடக்கிவிட்டாள் என்று என்னைப் பேசினார்கள். பேசவிட்டவர் என் புருஷன். அதனால்தான் வாயைத் திறக்கிறேன். இல்லாவிட்டால் வீட்டு விஷயத்தை வெளியே சொல்கிற ரகமில்லை இந்த ஹஃபீஸா.

கல்யாணமான வருஷமே காஜா நஜ்முதீன் ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். அப்போது எங்களிடம் இருந்தது பட்டன் போன். ஒரு மிஸ்டு கால் வந்தால் டூட்டிக்குக் கிளம்பிவிட்டார், இரண்டு வந்தால் ரூமுக்குத் திரும்பிவிட்டார். அதிலேயே மனசு நிறைந்துவிடும். பிறகு முகம் பார்த்துப் பேசுகிற போன் வந்தது. என் மாமி சுல்தான் பீவி, மகன் முகத்தில் அழுக்கு என்று துப்பட்டியால் திரையைத் துடைப்பார்.

போன வருஷம் அவரைக் குடோனுக்கு மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். புதுசாக ஒரு போனும் வாங்கி, அதோடு ஒரு மாசம் லீவில் வந்துபோனார். "இனிமே கால் பண்ணாதே புள்ள, டூட்டியில எடுக்க முடியாது. வாய்ஸ் அனுப்பு, பதில் போட்டுடுறேன்" என்றார். சும்மா சொல்லக்கூடாது, அனுப்பிய கையோடு பதில் வந்துவிடும். மீன் விலையைச் சொன்னாலும் வரும், முட்டி வலியைச் சொன்னாலும் வரும். "ஒம் மச்சான் மாதிரி எவன்டி பேசுறான்?" என்று தெருவில் பொறாமைப்படுவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

எங்கள் பக்கம் வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போன சபுராளி வீடுகளில் வாய்ஸ் என்றால் ஆளே வந்து உட்கார்ந்த மாதிரி. கல்யாணம் பேசுவதோ வீடு விற்பதோ, ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்தில் எல்லோரும் கேட்பார்கள். அவரே சொல்லிவிட்டார் என்று எழுந்து போவார்கள். மறுபேச்சு கிடையாது.

வியாழக்கிழமை காலையில் டீ எடுத்துக்கொண்டு போய் எழுப்பினேன். மாமி எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார். நான் மச்சானுக்குப் போன் மேல் போன் போட்டேன். எடுக்கவில்லை. கடைசியில் வாய்ஸ் அனுப்பினேன்.

"மச்சான், மாமி மவுத்தாயிட்டாங்க. நீங்க வர்றீங்களா? வர்ற வரைக்கும் வச்சிருக்கச் சொல்லவா?"

உடனே பதில் வந்தது.

"இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிவூன். அழாதே புள்ள. ஒம் மாமிக்காக நான் துஆ செய்றேன். மையத்தைத் தாமதிக்கக் கூடாது. எனக்காகக் காத்திருக்க வேணாம், அடக்கம் பண்ணிடுங்க."

பெற்ற தாய்க்கு இவ்வளவுதானா? குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லையே! துக்கத்தை விழுங்கிக்கொண்டு பேசுகிறார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாமியின் தம்பி காதர் பாட்சா மாமாதான் எங்கள் வீட்டுக்குப் பெரியவர். அவர் முன்னால் ஸ்பீக்கரில் போட்டேன். "மனசைக் கல்லாக்கிக்கிட்டான் புள்ளையாண்டான். சரி, ஆகவேண்டியதப் பாருங்க" என்றார். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு மையவாடியில் அடக்கிவிட்டார்கள்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்ததும் போன் அடித்தது. மச்சான்தான்.

"என்ன புள்ள, இத்தனை கால் பண்ணியிருக்கே? உம்மாவுக்கு உடம்பு முடியலியா?"

"என்ன மச்சான் கேக்குறீங்க? அடக்கம்தான் முடிஞ்சு போச்சே."

"யாரை அடக்குனீங்க?"

அந்தக் கேள்வி இப்போதும் காதில் நிற்கிறது. விஷயத்தைச் சொன்னதும் அவர் போட்ட அலறலில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். யாரைக் கேட்டு அடக்கினீர்கள், முகத்தைப் பார்க்க விடாமல் பண்ணிவிட்டீர்களே என்று கத்தினார். "உங்களக் கேட்டுத்தான் மச்சான். நீங்கதான வாய்ஸ்ல சொன்னீங்க?" என்றேன்.

"அது நான் இல்ல புள்ள" என்றார் மெதுவாக.

அந்தப் புதுப் போனுக்குப் பழைய வாய்ஸையெல்லாம் போட்டுக் காட்டினால் குரலைப் பழகிக்கொள்ளுமாம். ஆள் வேலையாக இருந்தால் அதுவே கேட்டு, அதுவே பதில் சொல்லுமாம். வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் வைத்திருக்கிறாராம்.

"எல்லாருக்குமா?"

"இல்ல... ஒனக்கு மட்டும்தான். நீ நாள் முழுக்க அனுப்பிக்கிட்டே இருப்பியே."

அட பாவி மனுஷா! ஒரு வருஷமாக நான் போனோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அழுகைகூட வரவில்லை, உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் தாயைப் பறிகொடுத்தவர் ஆயிற்றே என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. வந்து அவரே சொல்லட்டும் என்று இருந்தேன்.

சனிக்கிழமை மாமிக்காக ஓதுகிற மூன்றாம் நாள் பாத்திஹா. திருநள்ளாறு கோயில் கூட்டத்தில் கார் மாட்டிக்கொண்டு, மதியத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். கூடம் நிறைய ஆண்கள். நாங்கள் பெண்கள் உள்ளே திரைக்குப் பின்னால். அவர் தேம்பித் தேம்பி அழ, காதர் பாட்சா மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, காத்திருக்க வேணாம்னு சொல்லிட்டு இப்ப வந்து அழுவுறே?"

இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"நான் சொல்லல மாமா. இப்பல்லாம் போன்ல யார் குரலை வேணும்னாலும் செஞ்சுடலாம். என் குரல்ல யாரோ செஞ்சிருக்காங்க."

யாரோவாம்! வாய்ஸ் இருந்தது என் போனில். என் பக்கத்தில் இருந்தவள் அரையடி நகர்ந்து உட்கார்ந்தாள். "கெழவிய எத்தினி நாளைக்குப் பாக்குறதுன்னு நெனச்சிருப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மாமி படுக்கையில் கிடந்தபோதெல்லாம் பீ மூத்திரம் அள்ளிய கை இது. கொலைகாரியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். அவரோ தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் என்ன சாட்சி இருக்கிறது என்ற தைரியம்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரையை விலக்கி வாசற்படியில் போய் நின்றேன். போனை வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

"மச்சான், ஹஃபீஸா பேசுறேன். இப்ப எங்க இருக்கீங்க?"

அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. போன லீவிலிருந்தே வீட்டுக்குள் வந்ததும் தானாகவே வைஃபையில் ஒட்டிக்கொள்கிற போன். வந்த துக்கத்தில் அதை நிறுத்தவேண்டும் என்று தோன்றவில்லை போலிருக்கிறது. பதறிப்போய்ப் பையில் கையை விட்டார். அதற்குள் என் போனுக்குப் பதில் வந்துவிட்டது. ஸ்பீக்கரை முழுசாகத் திறந்துவிட்டேன்.

"குடோன்லதான் புள்ள, வேலை தலைக்கு மேல கெடக்கு. ஒம் மாமி எப்படி இருக்காங்க? நல்லா பாத்துக்க."

கூடத்தில் அத்தனை பேரும் அவர் வாயைத்தான் பார்த்தார்கள். அது மூடியே இருந்தது. காதர் பாட்சா மாமா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார். "மாமா கேட்டதும் பயந்துட்டேன் புள்ள. தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சுடு" என்றார். எனக்கு அவரிடம் கேட்க ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"போன ரமலான்ல நம்ம புள்ள வயித்துலயே கலைஞ்சு போயி நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, விடிய விடிய எனக்கு ஆறுதல் சொன்னது யாரு மச்சான்?"