கேப்டன் பிடித்த கயிறு

ஓய்வு பெற்ற நாளிலிருந்து கண்டக்டருக்கு ஊர் சுற்றுவது ஒன்றுதான் வேலை. அதையும் தனியாகத்தான் செய்வார். கூட ஆள் வந்தால் நிம்மதியாகப் பொய் சொல்ல முடியுமா? காலமெல்லாம் பஸ்ஸில் "சில்லறை கொடு, உள்ளே போ" என்ற இரண்டே வசனங்களைப் பேசி நாக்கு தேய்ந்துபோன மனிதர் அவர். அதற்கு வட்டியும் முதலுமாக, தெரியாத ஊரில் காலை வைத்ததுமே ஒரு புதுத் தொழிலை எடுத்து மாட்டிக்கொள்வார். ஒரு மலையூரில் அவர் நீதிபதி. பாவம், அந்த லாட்ஜ்காரன் அவர் இருந்தவரை உட்காரவே இல்லை. ஒரு சந்தை ஊரில் மாட்டு டாக்டர். வயிறு உப்பிய பசுவை யாரோ ஓட்டிக்கொண்டு வந்துவிட, கொல்லைப்புறச் சுவரேறிக் குதித்து ஓடினார். அந்தச் சுவர் பனைமர உயரம் இருக்கும் என்று பிறகு மகளிடம் சொன்னார். மகள் நம்பவில்லை. "என்னைக்காவது ஒருநாள் வாயைக் கொடுத்து வசமா மாட்டப்போறீங்கப்பா," என்று மட்டும் சொன்னாள்.

அன்று அவர் வந்து இறங்கியது ஒரு தீவுத் துறைமுகத்தில். காலைப் படகு அவர் குடலைக் கயிறாகத் திரித்து, முறுக்கி, மறுபடி வயிற்றுக்குள் போட்டு அனுப்பியிருந்தது. வெயிலோ, கொக்குகூட ஒற்றைக் காலைத் தரையில் ஊன்ற யோசிக்கும் வெயில். துறைமுகத் தெரு முழுக்க நங்கூரம், சங்கிலி, தார் வாளி, துருப்பிடித்த தகரக் கூரை. கிடங்குச் சுவர்களில் உப்பு பூத்திருந்தது. நாய்கள் வாலாட்டக்கூட சோம்பல்பட்டு நிழலோடு நிழலாக நகர்ந்தன. கண்டக்டர் ஒவ்வொரு சந்தாக நுழைந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. படகுத்துறைக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்காரும்போது அவர் கேப்டனாகியிருந்தார்.

"அலைன்னா நீங்க பார்க்கற அலையா அது? எழும்பி வந்து, கப்பல் மேல நின்னு, எங்களைக் குனிஞ்சு பார்த்துச்சு."

"அப்ப அதுக்கும் ஒரு டீ சொல்லிடுங்க கேப்டன்," என்றாள் டீக்கடைக்காரி, ஆற்றிக்கொண்டே.

பெஞ்சு சிரித்தது. சிரிக்காதவன் ஒருவன்தான். கைகள் இரண்டும் தார்க்கயிறு போலக் கறுத்து, நரம்போடி இருந்தவன். கண்டக்டர் சொன்னது அத்தனையையும் வாய் பிளந்து விழுங்கினான். கப்பல்களுக்கு அடியில் மூழ்கி வேலை செய்யும் ஆளுக்குக் கரையிலிருந்து கயிறு பிடிப்பவன் அவன். மூழ்குகிறவன் அவனுடைய தங்கை புருஷன்.

"எங்க வேலையையும் ஒரு எட்டு வந்து பாருங்கய்யா. உங்களை மாதிரி ஆளு பார்த்தா எங்களுக்குப் பெருமை."

பெருமையை வேண்டாம் என்று சொல்லும் ஆளா கண்டக்டர்? எழுந்து போனார்.

சுவரோரமாக ஒரு சரக்குப் படகு. தண்ணீருக்கடியில் அதைத் தள்ளும் விசிறியில் பழைய வலை சுற்றிச் சிக்கியிருந்தது. அதை அறுத்தெடுக்க வேண்டும். கரைமேல் காற்றடிக்கும் எஞ்சின் ஒன்று தடதடவென்று ஓடியது. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தண்ணீருக்குள் போகும். கூடவே மாப்பிள்ளையின் இடுப்பில் கட்டிய கயிறும் போகும். கீழே பேச்சு கிடையாது. எல்லாம் கயிறு இழுப்புதான்.

"பார்த்து மாப்ள, வலைக்குள்ள நீயும் மாட்டிக்காத," என்றான் கயிற்றுக்காரன்.

"உன் தங்கச்சி வைக்கிற குழம்பையே ஜீரணம் பண்ணிட்டேன் மச்சான். இந்தத் தண்ணியா என்னை ஏதாவது பண்ணிடும்?" மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கிக்கொண்டே கண்டக்டரைப் பார்த்துச் சிரித்தான். "கேப்டன் சார், அலை ஏதாவது குனிஞ்சு பார்த்தா ஒரு குரல் கொடுங்க."

மூழ்கினான். குமிழிகள் வந்தன.

கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இருமியது. கயிற்றுக்காரன் டீசல் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தான். முகம் சுருங்கியது. வழக்கமாகக் கரையில் இரண்டு பேர் நிற்பார்கள். இன்றைக்கு இன்னொருவனுக்குக் காய்ச்சல். டீசல் கேன் கிடங்கில் இருக்கிறது. எஞ்சின் நின்றால் கீழே காற்று நிற்கும்.

அவன் கயிற்றைக் கண்டக்டரிடம் நீட்டினான்.

"ஐயா, இதை ஒரு நிமிஷம் பிடிங்க, ஓடி வந்துடறேன். நம்ம இழுப்புக் கணக்கு உங்களுக்குத் தெரியாததா? எல்லாக் கப்பல்லயும் ஒண்ணுதானே."

"தெரியாது" என்பது சின்ன வார்த்தைதான். அது கண்டக்டரின் தொண்டைவரை வந்தது. அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த கேப்டன் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை.

"நீ போ தம்பி. இதெல்லாம் நாங்க தூக்கத்துல பண்ற வேலை," என்றார்.

கயிற்றுக்காரன் ஓடினான்.

பஸ்ஸில் மணிக்கயிற்றை இழுத்து இழுத்துக் காய்ப்பேறிய கை அது. ஆனால் இழுக்கத்தான் அதற்குத் தெரியும். இன்னொரு முனையிலிருந்து ஒருவன் இழுத்து அதற்குப் பழக்கமில்லை. திடீரென்று கயிறு துடித்தபோது கண்டக்டருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறுபடி இழுத்தது. மறுபடி. கயிறு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். தாராளமாக விட்டுக் கொடுத்தார். இன்னும் வேகமாக இழுத்தது. இன்னும் விட்டார். கத்திக் கூப்பிட்டால் கயிற்றுக்காரன் ஓடி வருவான். ஆனால் ஒரு கேப்டன் இதற்கெல்லாம் கத்துவாரா? சுருளில் கிடந்த கயிறு முழுவதும் தண்ணீருக்குள் போனது. பிறகு இழுப்பு நின்றது.

அப்பாடா என்றிருந்தது. எதிர்ப்படகிலிருந்த இரண்டு பேர் கை தூக்கி வணக்கம் வைத்தார்கள். கண்டக்டர் தலையை மட்டும் அசைத்தார்.

கயிற்றுக்காரன் கேனோடு வந்தான். சுருள் இல்லாத தரையைப் பார்த்தான்.

"எத்தனை தடவை இழுத்தான்?"

"நாலஞ்சு தடவை இருக்கும். கயிறு கேட்டான், விட்டேன்..."

கேன் விழுந்து டீசல் ஓடியது. கயிற்றுக்காரன் கயிற்றை அள்ளி அள்ளி இழுத்தான். அது எங்கோ சிக்கி விறைத்து நின்றது. எதிர்ப்படகிலிருந்து இரண்டு பேர் குதித்தார்கள். கயிற்றுக்காரன் போட்ட கூச்சலில் துறைமுகமே திரண்டு வந்தது. காற்றுக்குழாய் விசிறி இலைக்கும் அச்சுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்ததாம். அதிலிருந்து தப்பி மேலே வந்திருக்கலாம். ஆனால் தளர்ந்து தொங்கிய கயிறு அவன் காலையும் சேர்த்து விசிறியில் சுற்றிக் கிடந்தது. அறுத்து மேலே கொண்டுவந்து, கரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தினார்கள். அழுத்தியவர்களுக்குக் கை ஓய்ந்தது. துறைமுக டாக்டர் வந்து, இமையை விலக்கிப் பார்த்து, எழுந்துவிட்டார்.

மீன் பொதி கட்டும் கொட்டகையிலிருந்து அவன் மனைவி ஓடி வந்தாள். ரப்பர் பூட்சைக்கூடக் கழற்றவில்லை. புருஷன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அண்ணன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"கயிறு உன் கையிலதானேண்ணா இருந்துச்சு? உன் கையிலதானே இருந்துச்சு?"



கண்டக்டர் அந்தக் கொட்டகைக்குள் போனார். அங்கே, துறைமுகக் கூலியாட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரி போனில் பேசிவிட்டு வைத்தார்.

"கயிறு என் கையில இருந்துச்சுங்க. நான் கப்பல்ல கால் வச்சவனே இல்ல. பஸ் கண்டக்டர்."

மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கயிறு பிடிக்கிறவனைக் காப்பாத்தணும்னு பார்க்கறீங்க. பெரிய மனசு கேப்டன். ஆனா வேலையை விட்டுட்டுப் போனது அவன் தப்பு. இனிமே அவனுக்கு இந்தத் துறைமுகத்துல வேலை கிடையாது."

"சத்தியமா சொல்றேங்க, கண்டக்டர்!"

சாட்சிக்குத் தன் பஸ் ரூட்டின் நிறுத்தங்களை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தார். "போலாம், ரைட்" என்று அந்தப் பழைய குரலில் கத்தியும் காட்டினார். கொட்டகை வாசலில் நின்ற டீக்கடைக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அதிர்ச்சியில புத்தி பிசகிடுச்சு பாவம். காலையில அந்த அலையைப் பத்தி எப்படிச் சொன்னாரு! நேர்ல பார்க்காதவன் அப்படிச் சொல்ல முடியுமா?"

அவர் அளந்த கதையை இவ்வளவு முழுசாக நம்பிய ஊர் அது ஒன்றுதான்.

வெளியே கயிற்றுக்காரன் அவர் கையைப் பிடித்துக் கிடங்குச் சுவரோரம் இழுத்துப் போனான்.

"உள்ள நீங்க சொன்னது கேட்டுச்சு. நீங்க கண்டக்டரோ கலெக்டரோ, எனக்குத் தெரியாது. கேட்காம கொள்ளாம கயித்தைக் கொடுத்தது நான். ஆனா ஒண்ணு." அவன் தங்கை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். "நாலஞ்சு தடவை இழுத்தான்னு சொன்னீங்களே. அதை என் தங்கச்சி காதுல போட்டுடாதீங்க. 'தூக்கு, தூக்கு'ன்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கான். அதைக் கேட்டா அவ தாங்க மாட்டா. இழுக்கவே இல்ல, சட்டுனு போயிட்டான்னு இருக்கட்டும்."

"தம்பி, இனிமே என்னால பொய்..."

"கால்ல விழறேன்."

விழவும் விழுந்தான். அவனைத் தூக்கி நிறுத்துவதற்குள் அவள் வந்துவிட்டாள். அழுகை நின்றிருந்தது. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது.

"கேப்டன் ஐயா, நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. அவர் இழுத்தாரா? கூப்பிட்டாரா?"

எந்த ஊரிலும், எந்தக் கேள்விக்கும் கண்டக்டருக்குப் பதில் தானாக ஊறும். அலை வரும், புயல் வரும், வேண்டுமானால் திமிங்கலமும் வரும். இப்போது அலையும் வரவில்லை, புயலும் வரவில்லை. அவள் அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்லம்மா," என்றார். "ஒரு தடவைகூட இழுக்கல."

"வலிச்சிருக்காதுல்ல?"

"இல்ல."

அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். கடைசிப் படகுக்கான ஊதல் கேட்டது. இரண்டு கூலிக்காரர்கள் வந்து, "வாங்க கேப்டன்," என்று மரியாதையாக ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை நடத்திக்கொண்டு போனார்கள். அவர் திரும்பிப் பார்த்தபோது அவள் தரையில் உட்கார்ந்து அண்ணன் தோளில் சாய்ந்திருந்தாள். அண்ணன் அவள் பூட்சை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான்.