படுக்க மாட்டேன்

கறிக்கடை அக்காவுக்கு ஒரு வாரமாக நெஞ்சுவலி. மல்லாந்து படுத்தால் உயிர் போகும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் பாதி குறையும். மேசைமேல் கவிழ்ந்துதான் தூங்கினாள். இரண்டு நாளாக மூச்சும் வாங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார். “வாய்வும்மா. கூடவே டென்ஷன்.”

“வாய்வு இல்லீங்க. இதயத்தைச் சுத்தி ஒரு பை இருக்கே, அதுலதான் கோளாறு.”

டாக்டர் சிரித்தார். “போன்ல பாத்தீங்களா?”

“இருபத்திரண்டு வருஷமா ஆட்டு இதயத்தை உரிக்கிறேன். பை மெல்லிசுதான், ஆனா சட்டுனு இழுத்தா நீளாது. உள்ள ஒரு ஸ்பூன் தண்ணி இருக்கும். அது இருக்கறதாலதான் இதயம் உரசாம வழுக்கிட்டு அடிக்குது. சீக்கு வந்த ஆட்டுக்குப் பை முழுக்கத் தண்ணியா நிக்கும். இதயம் விரிய இடமிருக்காது.”

“நீங்க ஆடு இல்லம்மா.”

“அதனாலதான் வாயைத் திறந்து சொல்றேன்.”

கூட வந்த தம்பி அவள் கையைப் பிடித்து இழுத்தான். “படிச்சவங்ககிட்ட எதுக்குக்கா வம்பு? வா.”

“நீ போ. ஸ்கேன் எடுக்காம நான் எழுந்திரிக்க மாட்டேன்.”

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் ஸ்டூலை விட்டு அசையவில்லை. அவளைக் கிளப்ப வந்த நர்ஸ் கழுத்தைப் பார்த்ததும் நின்றாள். “சார், நரம்பு புடைச்சிருக்கு.” பிரஷர் பார்த்தாள். மேல் அளவே எண்பதுதான் இருந்தது. டாக்டரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

ஸ்கேன் அறையில் படுக்கச் சொன்னார்கள்.

“படுக்க மாட்டேன். உக்காந்தபடியே எடுங்க.”

எடுத்தார்கள். திரையில் இதயத்தைச் சுற்றிக் கறுப்பாகத் தண்ணீர். நடுவில் இதயம் திணறிக்கொண்டிருந்தது. இதய டாக்டர் ஓடிவந்து, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, நெஞ்செலும்புக்குக் கீழே ஊசியை இறக்கிக் குழாய் வைத்தார். அரை லிட்டர் வடிந்தது. வடிய வடிய மூச்சிரைப்பு தணிந்தது. ஏதோ வைரஸ் கிருமியாம். மூன்று மாதம் மாத்திரை.

சாயங்காலம், வாய்வு என்று சொன்ன டாக்டர் வந்து கட்டிலருகே நின்றார். “தப்பு என்னோடதும்மா.”

“ஆமாங்க,” என்றாள். பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பி ஆரம்பித்தான். “இனிமே கடையை நான் பாத்துக்கிறேன். நீ சும்மா இரு.”

“நீ கத்தி எடுத்தா உன் விரலைத்தான் எடை போடணும்.”

நான்காவது வாரம் கடைக்குப் போய் ஷட்டரில் கை வைத்தாள். தம்பி பின்னாலேயே ஓடிவந்து அதைத் தூக்கினான். அதை மட்டும் விட்டுக்கொடுத்தாள்.