விலேம் புல் வெட்டாத சனிக்கிழமை

விமானக் கொட்டகை வாசலில் உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் பழைய தராசு ஒன்று உண்டு. என் கணவன் விலேம் அதன்மேல் ஏறி நின்றதும் முள் நூற்றுப் பதினொன்றில் போய் நின்றது. பயிற்சியாளரின் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பாராசூட்டில் குதிப்பவர்களுக்கு நூறு கிலோதான் எல்லை.

"சட்டைப் பையில பஸ் எஞ்சின் ஏதாவது வச்சிருக்கியாடா?" என்றான் பயிற்சியாளன் ஹினெக். விலேம் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். இருவரும் இளவயதில் ஒரே விமானத்திலிருந்து குதித்தவர்கள்.

"பெல்ட்டைக் கழட்டிப் பார்க்கட்டுமா?"

"பெல்ட் பதினொரு கிலோ இருந்தா கழட்டு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் மகள் வெந்துலா மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவள் தன் கோடைவேலைச் சம்பளத்தில் வாங்கித் தந்த பரிசு இது. விமானம் கிளம்ப அரைமணி நேரம் இருந்தது. வரிசையில் பெயரும் எழுதியாகிவிட்டது.

விலேம் தராசிலிருந்து இறங்கி மெல்லச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன். பதினெட்டு வருடங்களுக்கு முன், எங்கள் சமையலறை மேசையில்.

அப்போது வெந்துலா என் வயிற்றில் எட்டு மாதம். இதே புல்வெளியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விலேமின் பாராசூட் முறுக்கிக்கொண்டு திறந்தது. அதை அவன் அறுத்துவிட்டான். சிவப்புத் துணி மட்டும் தனியாகக் காற்றில் போயிற்று. இரண்டாவது பாராசூட் விரிந்தது என்னவோ உண்மைதான். ஆனால் அந்தச் சில விநாடிகளில் நான் விதவையாகி, பிள்ளையைத் தனியாகப் பெற்று, தனியாகப் பள்ளிக்கும் அனுப்பி முடித்திருந்தேன். அன்று மாலை அவனிடம் கேட்டேன், இனி ஒருபோதும் குதிக்கக் கூடாது என்று. சரி என்று சொல்லிச் சிரித்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் எழுந்ததில்லை. வெந்துலாவுக்கு அந்த வாக்கு தெரியாது; அவள் இந்தப் பரிசை நீட்டியபோது தடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

"நான் போறேன்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கே வியப்பாகத்தான் இருந்தது. வெந்துலாவின் கண்ணில் தண்ணீர் நிற்பதைத் தாங்க முடியாமல் வந்த வார்த்தை அது.

"நீயா?" ஹினெக் குரலைத் தாழ்த்தினான். "ரொமானா, இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்காதவ நீ."

"நான் அறுபத்திரண்டு கிலோ. தராசு வேணுமா?"

நாலாயிரம் மீட்டர் உயரத்தில் கதவு திறந்தது. குளிர் உள்ளே பாய்ந்தது. காலை வெளியே தொங்கவிட்டபடி, வீட்டு அடுப்பை அணைத்தேனா என்று யோசித்தேன். அதற்குள் ஹினெக் முன்னால் சாய்ந்துவிட்டான்.

வயிறு தொண்டைக்கு வரும் என்று பயந்திருந்தேன். வரவில்லை. காற்று கெட்டியாக இருந்தது. மெத்தையில் குப்புறப் படுத்ததுபோல் என்னைத் தாங்கியது. கன்னங்கள் காதுவரை இழுபட்டன. கீழே மஞ்சள் கடுகு வயல்கள், பீட்ரூட் வயல்கள், வலப்பக்கம் வெயிலில் மின்னும் ஆறு. நாற்பத்திமூன்று வயதில் வாயைத் திறந்து கத்தினேன். அந்தக் கத்தல் என் காதுக்கே கேட்கவில்லை.

பிறகு தோளை யாரோ பிடித்து மேலே தூக்கியதுபோல் ஓர் இழுப்பு. பாராசூட் விரிந்தது. சட்டென்று அமைதி. கீழே எங்கோ ஒரு நாய் குரைத்தது. தேவாலய மணி நண்பகலை அடித்தது.

"அதோ உன் வீடு" என்று ஹினெக் என் காதருகில் சொல்லிக் கைகாட்டினான். "உங்க தோட்டம்தான் ஊரிலேயே தனியாத் தெரியுது. மொட்டையடிச்ச மாதிரி."

எங்கள் புல்தரை, மற்ற வீடுகளின் பச்சைக்கு நடுவில் மேசைவிரிப்புபோல் வழவழவென்று இருந்தது. விலேமுக்குத் தோட்டத்தின் மேல் அத்தனை ஆசை என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

தரையைத் தொட்டதும் நான் சொன்ன முதல் வார்த்தை, "இன்னொரு தடவை."

நாலைந்து பேர் கையை உரசிக்கொண்டு நெருங்கினார்கள். ஹினெக் தடுத்தான். "தொடாதீங்க. இன்னிக்கு இவ வெறும் சாமான். சாமானை யாரும் அடிக்கறதில்ல."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. முதல்முறை தனியாகக் குதித்தவர் மண்டியிட வேண்டும். அந்த வருடம் குதித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பின்புறத்தில் ஓர் அடி வைப்பார்கள். அதோடு அவர் அவர்களில் ஒருவர். அந்த வருடம் குதிக்காதவன் எத்தனை பெரிய ஆளானாலும் கையை ஓங்கக் கூடாது.

விலேம் துண்டை நீட்டினான். "ஆறு தெரிஞ்சுதா? வலது கைப்பக்கம்?"

"தெரிஞ்சுது. வெயில்ல அப்படியே..."

"ஆமா. பன்னிரண்டு மணிக்கு அப்படித்தான் இருக்கும்" என்றவன், காரைக் கிளப்பப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கம்ப்யூட்டர் திறப்பதற்குள் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பேன்: இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று. எங்கள் ஊரில் விநாடியை இப்படித்தான் இருபத்தொன்றில் தொடங்கி எண்ணுவார்கள், பாராசூட்காரர்களும் அப்படியே. இருமல் மருந்து வாங்க வந்த ஒரு கிழவர், "காதலா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதுதான். தனியாகக் குதிக்கும் பயிற்சியில் சேர வேண்டும். ஆனால் எந்த முகத்தோடு விலேமிடம் கேட்பது? அவனிடமிருந்து நான் பிடுங்கியதை அவன் முன்னாலேயே நான் உண்ண வேண்டுமா?

மூன்றாவது சனிக்கிழமை, கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு விமானம் எழும்பும் சத்தம் கேட்டது. கையில் ஈரச்சட்டையோடு அண்ணாந்தேன். அதே நொடியில் விலேம் புல்வெட்டி இயந்திரத்தை முடுக்கினான். விமானத்தின் சத்தம் அதில் அமுங்கிப்போயிற்று.

வியாழக்கிழமைதான் வெட்டியிருந்தான். வெட்ட ஒரு புல் இல்லை. வெறும் தரையின் மேல் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, வரிசை வரிசையாக நடந்தான்.

போய் அதை அணைத்தேன்.

"ஓரத்துல கொஞ்சம் இருக்கு" என்றான்.

"ஓரத்துல மண்ணுதான் இருக்கு, விலேம்."

மேலே விமானம் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அவன் நிமிரவில்லை.

"எத்தனை வருஷமா இப்படி?"

"இது மூணாவது புல்வெட்டி" என்றான்.

ஈரச்சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவனுக்குத்தான் முதலில் கோபம் வந்தது.

"ஒரு தடவை மேல போயிட்டு வந்து மூணு வாரமா சாப்பாட்டு மேசையில அதையே பேசற. நான் முன்னூத்துப் பன்னிரண்டு தடவை குதிச்சவன். உங்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கேனா?"

"பேசியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன்."

"அதுதான் பேசலை."

"அன்னிக்கு எனக்கு அவ்வளவு பயம். பயந்தது தப்புன்னு இப்பவும் சொல்லமாட்டேன். ஆனா என்னத்தைக் கேட்டு வாங்கினேன்னு தெரியாமலே வாங்கிட்டேன். இப்பத் தெரியுது. அந்த வாக்கு எனக்கு வேண்டாம். நீயே வச்சுக்கோ."

அவன் தன் வயிற்றைத் தட்டினான். "இதைத் தூக்கறதுக்கு எந்தப் பாராசூட் வரும்?"

"நாளையிலேர்ந்து வீட்டுல மாவு உருண்டை கிடையாது. குழம்பு மட்டும்தான்."

"அதுக்கு அந்த வாக்கே தேவலை" என்றான். சொல்லும்போது மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

கோடை முழுவதும் இருவரும் விமானத்தளத்தில்தான் கிடந்தோம். நான் மேடையிலிருந்து குதித்து உருளப் பழகினேன். விலேம் பதிமூன்று கிலோ இளைத்தான், மருத்துவச் சான்று வாங்கினான், விட்டுப்போன பாடங்களை எல்லாம் மறுபடி முடித்தான். ஆனால் விமானத்தில் மட்டும் ஏறவில்லை. ஒரு வாரம் காற்று சரியில்லை. ஒரு வாரம் முழங்கால். ஒரு வாரம் ஹெல்மெட் இறுக்கம்.

செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை என் நாள் வந்தது. ஆயிரத்திருநூறு மீட்டரில் இறக்கையின் கம்பியைப் பிடித்துத் தொங்கி, கையை விட்டேன். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று. விமானத்தோடு கட்டியிருந்த நாடா இழுத்துவிட, தலைக்கு மேல் நீலத்துணி விரிந்தது. இந்த முறை முதுகில் யாரும் இல்லை. இடது கயிற்றை இழுத்தால் உலகம் இடப்பக்கம் திரும்பியது. வலது கயிற்றை இழுத்தால் வலப்பக்கம். வானத்தில் என்னைத் தவிர ஒரு பருந்து மட்டும் இருந்தது, அதுவும் ஒதுங்கிப் போயிற்று. தரையைத் தொடும் நேரத்தில் இழுக்க வேண்டிய இரண்டு கயிறுகளையும் வீட்டு உயரத்திலேயே அவசரப்பட்டு இழுத்துவிட்டேன். பீட்ரூட் வயலில் தொப்பென்று உட்கார்ந்தேன். எழுந்து, துணியை மூட்டையாக அணைத்துக்கொண்டு, மண் அப்பிய பின்புறத்தோடு ராணிபோல் நடந்து வந்தேன்.

பதினான்கு பேர் வரிசையில் காத்திருந்தார்கள். பதினைந்தாவதாக விலேம் நின்றான். ஹினெக் அவன் தோளைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"இந்த வருஷம் குதிச்சியாடா?"

"முன்னூத்துப் பன்னிரண்டு..."

"அது தாத்தா காலத்துக் கதை. தள்ளி நில்லு."

"அவ எம் பொண்டாட்டிடா."

"வீட்டுல பொண்டாட்டி. இங்க நீ வேடிக்கை பார்க்க வந்தவன்."

நான் மண்டியிடவில்லை. புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "முதல் அடி அவனோடதுதான். அதுவரைக்கும் என்னை யாரும் தொடக் கூடாது. நான் எங்கேயும் போகலை."

விலேம் என் பக்கத்தில் குந்தினான். மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான். "காத்தும் இல்ல, முழங்காலும் இல்ல, ரொமானா. மேல போக எனக்குப் பயமில்ல. நீ கீழ நிக்கறதை நினைச்சாதான்... அன்னிக்கு இறங்கினப்ப உன் முகத்தைப் பார்த்தேன்ல."

"நிக்கறேன். போ."

"கண்ணை மூடிக்க மாட்டியே?"

"மூடமாட்டேன்."

விமானம் ஏறியது. வெந்துலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பழைய நாள் என் வயிற்றுக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. மேலே இயந்திரச் சத்தம் தணிந்தது. ஒரு கறுப்புப் புள்ளி பிரிந்தது. அவன் பத்து விநாடி விழுந்து, தானே திறக்க வேண்டும். உரக்க எண்ணினேன். இருபத்தொன்று. இருபத்திரண்டு. என்னோடு சேர்ந்து வரிசையில் இருந்தவர்களும் எண்ணினார்கள். இருபத்தொன்பது. முப்பது.

திறக்கவில்லை. வெந்துலாவின் நகம் என் கையில் இறங்கியது.

முப்பத்தொன்று. சிவப்பாக விரிந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயல் ஒரு விநாடியைத் திருடியிருக்கிறான். பதினெட்டு வருடப் பாக்கியில் ஒரே ஒரு விநாடி.

எனக்கு இரண்டடி தள்ளி, படியிறங்குவதுபோல் வந்து நின்றான்.

"முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணினேன்" என்றேன்.

"காத்து நல்லா இருந்துச்சு" என்றான். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. காற்று அடித்தாலும் கண் நனையும்தான்.

மண்டியிட்டேன். முதல் அடி விலேமுடையது. கையை அத்தனை உயரம் ஓங்கிவிட்டு, மாவைத் தட்டுவதுபோல் தட்டினான். மற்ற பதினான்கு பேரும் அப்படி இரக்கம் காட்டவில்லை. புதிதாகச் சேர்ந்தவள் செலவு என்று ஹினெக் இரண்டு பெட்டி பீர் கேட்டான். நான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு விலேமைப் பார்த்தேன்.

"மண்டி போடு."

"நான் எதுக்கு?"

"பதினெட்டு வருஷம் கழிச்சுக் குதிச்சா அதுவும் முதல் தடவைதான்" என்றான் ஹினெக். வரிசை ஆமோதித்தது.

"ஆனா நீ எப்படி அடிக்கலாம்?" என்றான் விலேம்.

"நானும் இந்த வருஷம் குதிச்சவ."

அவன் மண்டியிட்டான். "அம்மா, விட்டுடாதே" என்றாள் வெந்துலா. விடவில்லை. அந்தச் சத்தத்தில் கொட்டகைக் கூரையிலிருந்த புறாக்கள் கிளம்பின.

பிறகு மூவரும் புல்லில் மல்லாந்து கிடந்தோம். அடுத்த விமானம் ஏறிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் முழுதாகக் கேட்டது.

"அப்போ இனிமே சனிக்கிழமை நம்ம வீட்டுப் புல்லை யாரு வெட்டறது?" என்றாள் வெந்துலா.

விலேம் வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"ஒரு ஆடு வாங்கிடலாம்."