ஜூலை தாண்டட்டும்

இடது கன்னம் முடிந்துவிட்டது. வலது கன்னத்துக்காக ஹிலரி கட்டிலைச் சுற்றி வந்து, அண்ணனின் முகவாயை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். முகம் திரும்பவில்லை. விடிகாலை நாலரைக்குப் போன உயிர், இப்போது மணி எட்டு. உயிரோடு இருந்தபோதும் பாஸ்கல் யார் சொல்லியும் முகத்தைத் திருப்பியவர் இல்லை. ஹிலரிதான் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைய வேண்டியிருந்தது.

"மெதுவா. வெட்டிரப் போறீங்க," என்றாள் ஹிலரியின் மனைவி ஒலிண்டா. அவள் கையில் பாஸ்கலின் கல்யாணக் கோட்டு இருந்தது. பாச்சை உருண்டை வாசனை அறை முழுக்க அடித்தது.

"வெட்டினாலும் ரத்தம் வராது," என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று ஹிலரி நொந்துகொண்டார்.

மீசையைக் கத்தரிக்கும்போது கவனித்தார். புகையிலைக் கறையே இல்லை, சுத்தமான வெள்ளை. நாற்பது வருஷம் ரயில்வே பட்டறையில் இன்ஜினோடு போட்டி போட்டுப் புகை விட்ட மனிதர் ஒன்றரை வருஷமாகச் சிகரெட்டைத் தொடவில்லை. சாராயமும் போயிற்று. மருந்தை மணி பார்த்துக் குடித்தார். ஹிலரி ஒருநாள் கேலியாகக் கேட்டார், "என்னண்ணே, சாகறதுக்குப் பயம் வந்துருச்சா?" பாஸ்கல் இருமி முடித்துவிட்டுச் சொன்னார், "ஜூலை வரைக்கும் பயம்தான். ஜூலை தாண்டட்டும், அப்புறம் தினம் ரெண்டு பாக்கெட்டா ஊதறேன்." மழைக்காலம் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருப்பார் என ஹிலரி எடுத்துக்கொண்டார். ஜூலை வர இன்னும் நாலு மாதம் இருந்தது. இது மார்ச் பதினான்கு.

"அந்தக் காலண்டரையெல்லாம் கழட்டிருங்க. ஆளுங்க வந்து உக்கார்ற எடம்," என்றாள் ஒலிண்டா.

கட்டிலுக்கு நேர் எதிரே ஒரே ஆணியில் மூன்று வருஷத்து மாதா கோவில் காலண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. நூலில் கட்டிய பென்சில் ஒன்றும் தொங்கியது. மாதத்துக்கு ஒன்றாகச் சின்னச் சிலுவைக் குறி. மண்ணெண்ணெய் வாங்கின நாளாயிருக்கும். பழைய காலண்டரை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்று ஹிலரி பலமுறை கிண்டலடித்திருக்கிறார்.

"அப்புறம் பாத்துக்கலாம்," என்றார்.

கோட்டு அளவெடுத்தாற்போல் பொருந்தியது. கல்யாணத்துக்குப் பிறகு போட்ட தொப்பையை நோய் முழுசாகக் கரைத்திருந்தது. இருவரும் பொத்தான்களைப் போட்டு முடிப்பதற்குள் எதிர் வீட்டு ரெஜினா வெளிப் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி வந்துவிட்டாள். இந்த வாடிக் குடியிருப்பில் யார் வீட்டில் பிறப்பு, இறப்பு என்றாலும் வீட்டுக்காரர்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் வேலை இருக்கும். பாஸ்கலின் நெற்றியில் சிலுவை போட்டாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள், உடனே காரியத்தில் இறங்கினாள்.

"கஞ்சி எங்க வீட்லேர்ந்து வருது. இங்க அடுப்பு மூட்ட வேணாம். பாவ்லுகிட்டச் சொல்லிட்டியா, ஹிலரி? குடும்பக் குழியோட கல்லைப் பேக்கறது நாலு ஆள் வேலை. அஞ்சு மணிக்கு அடக்கம்னா இப்பவே கடப்பாரை போடணும்."

"போறேன்."

"சீக்கிரம் போ. பாவம் எஸ்பரன்ஸ், ஒம்பது வருஷமாத் தனியாக் கெடக்கா. இன்னிக்காவது தொணை வரட்டும்."

அண்ணி எஸ்பரன்ஸ் அந்தக் குழியில் தனியாக இல்லை என்பது ஹிலரிக்கும் ஒலிண்டாவுக்கும் தெரியும். ஒலிண்டா கோட்டிலிருந்து இல்லாத தூசியைத் தட்டினாள். ஹிலரி சவரக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

இருபது மாதத்துக்கு முந்தைய ஜூலை அது. வசாயிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த ஒலிண்டாவின் அப்பா லியாண்டர், இந்த வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் விழுந்து இறந்துபோனார். அன்றைக்குப் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. தண்டவாளம் தண்ணீருக்கடியில் கிடந்தது, வசாய்க்கு ரயிலும் இல்லை, லாரியும் இல்லை. இரண்டாம் நாள் உடம்பு தாங்கவில்லை. பாஸ்கல் அப்போது தியோலாலி ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். பொதுக் குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. மேட்டில் இருந்த அவர்களுடைய க்ரியாடோ குடும்பக் குழி மட்டும்தான் காய்ந்திருந்தது. "அண்ணனுக்குத் தெரியுமா?" என்று அன்றிருந்த சாமியார் கேட்டார். "தெரியும்," என்று சொல்லி ஹிலரி கையெழுத்துப் போட்டார். அந்த மழையில் அடக்கத்துக்கு வாடியிலிருந்து யாரும் வரவில்லை; எப்படியோ வசாய்க்குக் கொண்டுபோனதாகவே நினைத்துக்கொண்டார்கள்.

அதுவரை தப்பில்லை. மாமனாரைத் தண்ணீரில் போட முடியுமா? பாஸ்கல் திரும்பி வந்து, "எங்கடா வச்சீங்க பெரியவரை?" என்று கேட்டபோது, "வசாய்லதான்," என்று சொன்னாரே, அதுதான் தப்பு. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நாக்கு கூசியது.

ஏன் சொன்னார் என்றால், பாஸ்கலுக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆசை அந்தக் குழிதான். பிள்ளை குட்டி இல்லை. இரண்டு வாய் உள்ளே போனால் வாடி முழுக்கக் கேட்கும்படி சொல்லுவார்: "என்னை எஸ்பரன்ஸ் மேலயே வச்சிருங்கடா. நான் கொறட்டை விடறேன்னு திட்டுவா. திட்டட்டும்." அந்தக் குழியை வாங்கியவர் அவர்களுடைய கொள்ளுத்தாத்தா. பிளேக் வருஷத்தில் ஒரே வாரத்தில் இரண்டு மகன்களை அதில் வைத்தார். சந்து முனையில் சிலுவையோடு நிற்கும் குருசடியை வாடிக்காரர்கள் நோய் விலகக் கட்டியதும் அப்போதுதான். ஒருமுறை திறந்த குழியை இரண்டு வருஷத்துக்குத் திறக்கக் கூடாது என்ற விதியும் அந்த வருஷத்ததுதானாம், ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதினது என்பார்கள். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய்விட்டான். அவன் வயலுக்கு நடுவே போட்ட ரோடும், கண்ணாடிச் சட்டம் போட்டுக் கோவில் அலுவலகத்தில் மாட்டின விதியும் மட்டும் இருந்த இடத்தில் இருந்தன.

இரண்டு வருஷம்தானே, அதற்குள் யார் சாகப் போகிறார்கள் என்று ஹிலரி நினைத்தார். கல்லில் மாமனார் பெயரை வெட்டாமல் தள்ளிப்போட்டார். ஒலிண்டா வாரம் ஒருமுறை எஸ்பரன்ஸுக்கு என்று பூ வாங்கிப்போய் அப்பாவுக்கு வைத்துவிட்டு வந்தாள். "உன் பொண்டாட்டி தங்கம்டா. ஓரகத்திக்கு இவ்வளவு செய்யறவ இந்த பாந்த்ராவுல உண்டா?" என்று பாஸ்கல் சொன்ன நாளில் ஹிலரிக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

கோவில் அலுவலகத்தில் மங்களூர்க்காரச் சின்னச் சாமியார் பதிவேட்டைப் புரட்டினார். விரலை வைத்து நிறுத்தினார்.

"ஜூலை பதினேழு. லியாண்டர் மச்சாடோ. இருபது மாசம்தான் ஆகுது."

"நாலு மாசம்தான் சாமி குறையுது."

"நாலு நாள் குறைஞ்சாலும் நான் தெறக்க முடியாதுங்க. உள்ள எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. அவரும் ஒருத்தரோட அப்பாதானே."

"எங்கண்ணன் கேட்டது இது ஒண்ணுதான்."

"தெரியும்," என்றார் சாமியார். அவருக்கு எப்படித் தெரியும் என்று ஹிலரி கேட்கவில்லை. வாடியில் யாருக்குத்தான் தெரியாது? "பொதுக் குழில வைங்க. ரெண்டு வருஷம் கழிச்சு எலும்பை எடுத்துக் குடும்பக் குழில சேத்துரலாம். அதுக்கு நான் எழுதித் தர்றேன்."

ஹிலரி கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். பாவ்லுவிடம் எப்படிச் சொல்வது, ரெஜினாவிடம் எதைச் சொல்லிச் சமாளிப்பது என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. செத்த அண்ணனைப் பற்றி நினைக்காமல் பிழைக்கிற வழியைத்தான் நினைக்கிறோம் என்று பாதி வழியில் தோன்றியது. அந்த இடத்திலேயே நின்றுவிடலாம் போலிருந்தது. நிற்கவில்லை, நடந்தார்.

குழி வெட்டும் பாவ்லு இடுப்பளவு பள்ளத்துக்குள் நின்று மண்ணை வாரி எறிந்துகொண்டிருந்தார். அறுபது வயது, குழி முழுசாக ஆனால் வெறும் தொப்பிதான் தெரியும் உயரம். குடும்பக் குழியில் இல்லை. அதிலிருந்து பத்தடி தள்ளி, பொது வரிசையின் கடைசியில், செண்பக மரத்துக்குக் கீழே.

"யாருக்கு இது?"

"யாருக்கா? உங்கண்ணனுக்குத்தான். காலையில மணி அடிச்சதும் வந்துட்டேன்."

"இங்க வெட்டச் சொல்லி யார் சொன்னது?"

பாவ்லு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மேலே பார்த்தார்.

"அவரேதான். ஜனவரி மாசம் வந்து காட்டிட்டுப் போனாரு. 'முடிஞ்ச வரைக்கும் இழுத்துப் பாக்கறேன் பாவ்லு, முடியலேன்னா இங்க வை. இங்கேர்ந்து எஸ்பரன்ஸ் கூப்பிடு தூரம்'னாரு."

ஹிலரி பக்கத்துக் கல்லறைக் கல்லில் உட்கார்ந்தார்.

"அவருக்குத் தெரியுமா?"

"தியோலாலிலேர்ந்து வந்த மொத திங்கக்கிழமையே தெரியும். கல்லு ஓரம் புதுச் சிமெண்ட்டு. அவரு பட்டறைக்காரரு, கண்ணுல படாமப் போகுமா? யாரு உள்ளேன்னு கேட்டாரு. சொன்னேன். அப்புறம் எத்தனை மாசம் மிச்சம்னு கேட்டாரு."

"என்னைப் பத்தி?"

"என் தம்பிகிட்ட மூச்சு விட்றாதே, அவன் தூங்க மாட்டான்னாரு." பாவ்லு மறுபடி மண்ணை வாரினார். "அதுலேர்ந்து வாரா வாரம் ரெண்டு மெழுகுவத்தி. ஒண்ணு அண்ணிக்கு, ஒண்ணு பெரியவருக்கு. நம்ம வீட்டு விருந்தாளி, இருட்டுல விடலாமாம்பாரு. கடைசியா வந்தப்ப வாசல் கேட்லேர்ந்து இங்க வர்றதுக்குள்ள மூணு எடத்துல உக்காந்தாரு. 'இன்னும் அஞ்சு மாசம்டா பாவ்லு, பட்டறையில டபுள் ஷிஃப்ட் பாத்தவன், இதைப் பாக்க மாட்டேனா'ன்னு சிரிச்சாரு."

ஹிலரிக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். செண்பக மர வேர் ஒன்றைப் பாவ்லு வெட்டி வெளியே எறிந்தார், அது ஹிலரியின் காலடியில் வந்து விழுந்தது.

ஐந்து மணிக்கு மொத்த வாடியும் வந்திருந்தது. குருசடி முன்னால் பெட்டியை இறக்கி ஒரு பிரார்த்தனை சொல்லித் தூக்கினார்கள். பாண்டு வாத்தியக்காரர்கள் முன்னே போனார்கள். தோட்டத்துக்குள் நுழைந்ததும் பெட்டி தூக்கியவர்கள் பழக்கத்தில் மேட்டுப் பக்கம் திரும்பினார்கள். பாவ்லு கையைக் காட்டி இந்தப் பக்கம் வரச் சொன்னார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ரெஜினா ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்னடா இது, ஹிலரி? இங்க எதுக்கு? அவன் குழி அங்கல்ல இருக்கு?"

ஒலிண்டா, "அது வந்து ரெஜினாக்கா, கல்லு..." என்று ஆரம்பித்தாள். நல்ல பொய்தான் வந்துகொண்டிருந்தது. ஹிலரி அவள் கையைப் பிடித்தார்.

"அதுல என் மாமனார் இருக்காரு. மழையில நான்தான் வச்சேன். ரெண்டு வருஷம் ஆகல, தெறக்க மாட்டாங்க. அண்ணன்கிட்ட வசாய்னு பொய் சொன்னேன்."

பாண்டு வாத்தியக்காரர்களில் ஒருவர் ஊதுகுழலைத் திருப்பி எச்சிலை வடித்தார். சாமியார் புத்தகத்தின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெஜினா ஹிலரியை ஏற இறங்கப் பார்த்தாள். ஏழு வயதிலிருந்து அவரைத் திட்டி வளர்த்த வாய், இன்றைக்கும் திட்டியிருக்கலாம்.

"அவனுக்குத் தெரியாமலே போய்ட்டானா?"

"தெரிஞ்சுதான் போனாரு."

ரெஜினா குனிந்து ஒரு பிடி மண் எடுத்தாள். "போடு. நேரமாகுது," என்றாள்.

வீட்டுக்கு வந்து, கஞ்சி குடித்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, ஒலிண்டா நாற்காலி போட்டு ஏறிக் காலண்டர்களைக் கழற்றப் போனாள். ஹிலரி தடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாதம் மாதமாகப் புரட்டினார். மண்ணெண்ணெய் இல்லை. எல்லாச் சிலுவையும் பதினேழாம் தேதியில் இருந்தது. பிப்ரவரிச் சிலுவையின் கோடு நடுங்கியிருந்தது. ஜூலையைப் புரட்டியபோது பதினேழைச் சுற்றி ஒரு வட்டம். அதற்குள் ஒன்றும் எழுதவில்லை.

"போன கிறிஸ்மஸுக்கு, எங்கப்பாவுக்கு என்ன பூ புடிக்கும்னு உங்கண்ணன் என்கிட்டக் கேட்டாரு," என்றாள் ஒலிண்டா, நாற்காலி மேலேயே நின்றுகொண்டு. "மஞ்சச் செவந்தின்னேன். எதுக்குக் கேக்கறாருன்னு தோணவே இல்ல எனக்கு."

ஹிலரி அவளைக் கை பிடித்து இறக்கினார். காலண்டர்கள் ஆணியிலேயே இருந்தன.

ஒரு மாதம் கழித்து அண்ணனுக்கு மாதப் பூசை சொல்லி, செண்பக மரத்தடியில் ஒன்றும் மேட்டில் இரண்டுமாக மூன்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு இருவரும் வீடு திரும்பினார்கள். மேடு ஏறியதில் ஹிலரிக்கு முழங்கால் வலித்தது. அவருக்கும் அறுபத்திரண்டு. படிக்கட்டு மாடத்தில் அவருடைய சிகரெட் பாக்கெட் எப்போதும் இருக்கும். அதை எடுத்துப் பார்த்துவிட்டு, குப்பைக் கூடையில் போட்டார்.

"டீ போடட்டுமா?" என்று ஒலிண்டா கீழேயிருந்து கேட்டாள்.

"போடு. சக்கரை வேணாம்."

அண்ணன் அறைக்குப் போனார். பென்சில் முனை மழுங்கியிருந்தது. சவரக் கிண்ணத்திலிருந்து பிளேடை எடுத்துச் சீவி, தூளை உள்ளங்கையில் பிடித்து ஜன்னல் வழியே ஊதினார். ஏப்ரல் பதினான்கின் கட்டத்தில் ஒரு சிலுவை போட்டார். அண்ணனை மேட்டுக்குக் கொண்டுபோக இன்னும் இருபத்துமூன்று மாதம்.